மூசைக்கும் ஏலத்துக்கும் நடுவே

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த வெள்ளி ரூபாய் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் 1938 என்று ஆண்டு, மற்றதில் 1939. இரண்டுக்கும் எடை 11.66 கிராம். வெள்ளியின் தரமும் ஒன்றே, ஆயிரத்துக்கு 917 பங்கு. திருச்சி சின்னக்கடை வீதியில் பழைய வெள்ளி எடுக்கும் கடையில் வைத்தால் இரண்டுக்கும் ஒரே தொகைதான் கிடைக்கும். மும்பையிலோ பெங்களூரிலோ நடக்கும் நாணய ஏலத்தில் கதை வேறு. 1938 ரூபாய் சாதாரணமாகக் கிடைப்பது. 1939 அரியது, எழுத்தும் முகமும் தேயாமல் இருந்தால் வெள்ளி விலைக்குப் பல மடங்கு மேலே போகும். 8ஐ 9 ஆகத் திருத்திய போலிகள் உலவுவதே அதன் மவுசுக்குச் சான்று. நாட்டில் வியாபாரம் படுத்து, குடும்பங்களில் பணம் வறண்டால் இந்த இரண்டு ரூபாய்களுக்கும் என்ன ஆகும்?

சேகரிப்பவர்களிடம் கேட்டால் மூன்று விதமான பதில் வரும். சோற்றுக்கே யோசிக்கும் காலத்தில் பழங்காசை யார் வாங்குவார், விலை விழும் என்பார் ஒருவர். தங்கத்தைப் போலத்தான், கெட்ட காலத்தில் ஏறும் என்பார் இன்னொருவர். மூன்றாவது பதில் வியாபாரிகளுடையது: உச்சியில் இருக்கும் பொருள் விழாது, நடுவில் இருப்பதுதான் அடிவாங்கும். மூன்றுக்கும் சாட்சி உண்டு, மூன்றுக்கும் எதிர்ச்சாட்சியும் உண்டு. மூன்றும் விலையை மட்டுமே பார்ப்பதுதான் குறை. காவிரிக் கரையின் கடந்த நூறு ஆண்டு அனுபவத்தை வைத்துப் பார்த்தால், மந்தம் முதலில் கைவைப்பது பொருளின் எண்ணிக்கையில். விலை அதற்குப் பின்னால், சில சமயம் ஒரு தலைமுறை கழித்து, வருகிறது.

இந்தக் கேள்வியை அதிகம் அலசியவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டை. நம் ஊர்ப் பிள்ளைகள் சிவகாசித் தீப்பெட்டியின் மேல்படத்தையும் சிகரெட் பெட்டி அட்டையையும் கிழித்துச் சேர்த்து, இந்தப் படத்துக்கு இத்தனை என்று தங்களுக்குள் மதிப்புப் போட்டு ஆடிய சரக்குதான் அது. 1980களின் கடைசியில் பிக் ஃபன் சூயிங்கத்தோடு வந்த கிரிக்கெட் படங்களைச் சேர்த்தவர்களுக்கு இன்னும் எளிதாகப் புரியும். அங்கே அந்த அட்டை சிகரெட்டோடும் பிறகு சூயிங்கத்தோடும் வந்தது. சேர்த்த பிள்ளைகள் வளர்ந்து பணக்காரர்கள் ஆனார்கள், அட்டைக்கும் விலை வந்தது.

1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வந்த ஹோனஸ் வாக்னர் அட்டையின் ஒரு பிரதி, உலக நிதி நெருக்கடிக்குச் சற்று முன்பு, 2007ல், 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2016ல் வேறொரு பிரதி 31 லட்சத்துக்கு, 2022ல் மற்றொன்று 72.5 லட்சத்துக்கு. 2022 ஆகஸ்டில் 1952ஆம் ஆண்டு டாப்ஸ் வெளியிட்ட மிக்கி மேண்டில் அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. இவற்றை மட்டும் பார்த்தால் மந்தம் இந்தச் சந்தையைத் தீண்டுவதே இல்லை என்று தோன்றும். அதே காலத்தில் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் 1986 அட்டையைப் பாருங்கள். உச்சத் தரம் பெற்ற பிரதி 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்கு விற்றது. ஓராண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. உச்சத் தரம் பெற்ற அத்தகைய பிரதிகள் மட்டுமே 300க்கு மேல் இருக்கின்றன. ஒருவர் விற்க வந்தால் அடுத்தவரும் வருகிறார்.

மேண்டில் அட்டையின் கதையில் நமக்கு வேண்டிய சங்கதி அதன் ஏல விலையைவிட அது அரிதான விதம். 1952ல் அச்சிட்டு விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960 வாக்கில் டாப்ஸ் நிறுவனம் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியது. இதைச் சொன்னவர் கொட்டியவரான டாப்ஸ் அதிகாரி ஸை பெர்கரே. யாரும் மதிக்காத காலத்தில் அழிந்ததால்தான் பிறகு மதிப்பு வந்தது. இதற்கு நேர்மாறு 1980களின் பிற்பாதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த அட்டைகள். இது நாளைக்குப் பொன்னாகும் என்று எல்லோரும் வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். கம்பெனிகளும் கணக்கில்லாமல் அச்சடித்தன. நல்ல காலம், கெட்ட காலம் இரண்டு வந்து போயும் அவற்றில் பெரும்பாலானவை எடைக்குப் போடும் காகிதமாகவே கிடக்கின்றன.

இனி நம் பக்கம் வருவோம். 1930களின் பெருமந்தம் தமிழ்நாட்டு வேளாண்மையை முறித்துப்போட்டது. நெல் விலை சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகியது. தீர்வையும் வட்டியும் குறையவில்லை. இந்த நிலையில் 1931 செப்டம்பர் 21 அன்று பிரிட்டன் தங்க அடிப்படையைக் கைவிட்டது. ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால், அதுவரை தோலா 21 ரூபாய் 3 அணா 10 பை என்ற விலையையொட்டி இருந்த தங்கம் சில மாதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏறியது. கையில் நெல் விற்ற பணம் இல்லை, பெட்டியில் இருக்கும் தங்கத்துக்கோ விலை. கிராமம் கிராமமாக நகை வெளியே வந்தது. அடகு வைத்தது மூழ்கியது. மீதி எடைக்கு விற்றது. பம்பாய்க்குப் போய், கட்டியாக வார்க்கப்பட்டு, லண்டனுக்குக் கப்பல் ஏறியது. 1931-32 நிதியாண்டில் மட்டும் இந்தியாவிலிருந்து நிகரமாக வெளியேறிய தங்கம் 50 கோடி ரூபாய்க்கு மேல். பொருளியல் நூல்கள் இதைத் துயரத் தங்கம் என்று குறிக்கின்றன.

காவிரிக் கரையிலிருந்து போன அந்தத் தங்கம் எந்த வடிவில் இருந்திருக்கும் என்று யோசித்தால்தான் சேகரிப்பாளருக்கு வயிறு எரியும். காசு மாலையில் கோத்த பவுன்கள், தாலிச் சரட்டில் தொங்கிய வராகன்கள், பெட்டி மூலையில் முடிந்து வைத்த பணம் என்ற பொடிக்காசுகள். வாங்குபவர் உரைகல்லில் தேய்ப்பார், எடை போடுவார். எந்த நாயக்கர் அடித்தது, எந்தக் கம்பெனி அடித்தது என்று கேட்க அவருக்கு அவசியம் இல்லை. 1918ல் பம்பாயில் ஒரே ஒரு ஆண்டு பவுன் அச்சடித்தார்கள். லண்டன் பவுனுக்கும் அதற்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம், குதிரை வீரன் நிற்கும் தரையில் பொறித்த ‘ஐ’ என்ற பொடி ஆங்கில எழுத்து மட்டுமே. அதே ஆண்டு அடித்த 15 ரூபாய்த் தங்க மோகர் அதைவிடக் கூடுதல் எண்ணிக்கையில் வந்தது. இரண்டும் பிறந்து பதின்மூன்று ஆண்டில் பெருமந்தம் வந்து மூசையைப் பற்றவைத்துவிட்டது. இன்று ஏலத்தில் அவை பெறும் விலையில் ஒரு பகுதி 1931ல் எழுதப்பட்டது.

இந்த இடத்தில் தங்கம், வெள்ளி கொண்ட சேகரிப்புப் பொருளையும் அட்டை, அஞ்சல்தலை போன்ற வெறும் காகிதத்தையும் பிரித்துவிட வேண்டும். காகிதத்துக்கு அடிவிலை என்று ஒன்று கிடையாது. வாங்க ஆள் இல்லையென்றால் பூஜ்ஜியம். காசுக்கு உலோகத்தின் விலை கீழே தாங்கி நிற்கிறது. அதனால் பழங்காசு பத்திரமான முதலீடு என்று விற்பவர்கள் சொல்வார்கள். வைத்திருப்பவருக்கு அது சரி. காசுக்கு அது ஆபத்து. உலோக விலை ஏறி, சேகரிப்பு விலையைத் தொட்டுவிட்டால் அந்தக் காசை உருக்குவதற்குத் தடை ஏதும் இல்லை. மந்த காலத்தில் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன: சேகரிப்பவர் பின்வாங்குவதால் மேல்விலை இறங்குகிறது, பயத்தில் உலகமே தங்கம் வெள்ளி வாங்குவதால் கீழ்விலை ஏறுகிறது. நடுவில் இருக்கும் இடைவெளி மறையும் நாளில், 1938 ரூபாய் போன்ற சாதாரணக் காசு பழங்காசாக இருப்பதை நிறுத்திவிட்டு வெறும் வெள்ளியாகிறது.

கணக்கு எளிது. ஒரு ரூபாயில் இருக்கும் சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். வெள்ளி கிராம் 50 ரூபாய் என்றால் உருக்கு மதிப்பு 535 ரூபாய். 150 ஆனால் 1,600. முதல் நிலையில் தேய்ந்துபோன ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைச் சேகரிப்பவர் ஒருவர் நூறு இருநூறு கூடக் கொடுத்து எடுத்துக்கொள்வார். இரண்டாவது நிலையில் அவர் ஒதுங்கிவிடுவார், வெள்ளிக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரைக் கடந்தது. இதற்கு முன் அந்த உயரத்தை அது தொட்டது 1980 ஜனவரியில், அமெரிக்காவின் ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியை வளைத்துப் போட்டபோது. அன்று இரண்டே மாதத்தில், மார்ச் 27 அன்று, விலை 11 டாலருக்குக் கீழே விழுந்தது. அதற்குள் உலகெங்கும் வெள்ளிக் காசும் பாத்திரமும் டன் டன்னாக உருகியிருந்தன. விலை திரும்பியது, காசு திரும்பவில்லை.

இதில் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு பழைய கொடுக்கல் வாங்கல் உண்டு. முதல் உலகப் போரின் கடைசியில் நம் மக்கள் காகித நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாயைக் கேட்டு வாங்கிப் பதுக்கினார்கள். அரசிடம் வெள்ளி தீர்ந்தது. 1918ல் அமெரிக்கா பிட்மன் சட்டம் என்று ஒன்றை இயற்றி, தன் கருவூலத்தில் கிடந்த வெள்ளி டாலர்களை உருக்கியது. உருகியவை சுமார் 27 கோடி. அந்த வெள்ளியின் பெரும்பங்கு இந்தியாவுக்கு விற்கப்பட்டு ரூபாயாக மறுபிறவி எடுத்தது. ஸ்ரீரங்கத்திலோ லால்குடியிலோ ஒரு பழைய பெட்டியில் 1918, 1919, 1920 என்று ஆண்டு போட்ட ரூபாய் கிடைத்தால், அதில் அமெரிக்க மார்கன் டாலரின் வெள்ளி கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அங்கே மார்கன் டாலர் சேகரிப்பவர்கள் எந்த ஆண்டு, எந்த அக்கசாலை டாலர் எத்தனை தப்பியது என்று இன்றும் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நம் ஆட்கள் செய்த பதுக்கல் அவர்களுடைய சந்தையை வடிவமைத்தது.

இரண்டாம் உலகப் போரில் அதே கதை நம் ரூபாய்க்கு நடந்தது. 1940ல் வெள்ளித் தரம் பாதியாக்கப்பட்டது. விக்டோரியா ரூபாயும் அடுத்தடுத்து எட்வர்டு, ஜார்ஜ் ரூபாய்களும் 1940களின் முதல் பாதியில் செல்லாதவையாக்கப்பட்டு, திரும்பப் பெறப்பட்டு, அரசின் உலைக்குப் போயின. 1947ல் ரூபாய் நிக்கலானது. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய 22 கோடி அவுன்ஸுக்கு மேற்பட்ட வெள்ளியைச் சுதந்திர இந்தியா 1957ல் திருப்பிக் கொடுத்தது. அதற்காக இந்த அரை வெள்ளி ரூபாய்களைத்தான் கல்கத்தாவின் அலிப்பூர் ஆலையில் சுத்திகரித்தார்கள். எத்தனை கோடி அச்சடித்தார்கள் என்ற பழைய அட்டவணையை வைத்து ஒரு காசின் அருமையைக் கணிப்பவர்கள் இந்த உலைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மந்தம் எல்லா நேரமும் பொருளை அழிப்பதில்லை; சில நேரம் ஒரே சமயத்தில் சந்தையில் கொட்டுகிறது. திருச்சியிலிருந்து தெற்கே 90 கிலோமீட்டர் போனால் காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெரு இருக்கிறது. பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போனது. அந்தக் கடைகளுக்குச் சரக்கு தந்தது பர்மா. பெருமந்தத்தில் பர்மிய உழவர்கள் கடனைக் கட்ட முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் பயிர்நிலத்தில் 1930ல் 6 விழுக்காடு மட்டும் வைத்திருந்த நகரத்தார்களிடம் 1937க்குள் 25 விழுக்காடு வந்து சேர்ந்தது. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம், வந்தது நிலம். 1942ல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948ல் பர்மா அரசின் நில தேசியமயம், நிலமும் போனது. அதற்குப் பிறகான பதிற்றாண்டுகளில் பெரிய வீடுகள் பங்கு பிரிந்தபோது தேக்குத் தூண், கதவு, பெல்ஜியக் கண்ணாடி, எனாமல் பாத்திரம், ரவிவர்மா அச்சுப் படம், தஞ்சாவூர் ஓவியம் எல்லாம் வெளியே வந்தன. ஒரே மாதிரிக் குடும்பங்கள், ஒரே மாதிரிக் கஷ்டம், ஒரே மாதிரிச் சரக்கு. எல்லோரும் ஒன்றாக விற்றால் வாங்குபவர் சொல்வதுதான் விலை. கொச்சியிலும் சென்னையிலும் புதுச்சேரியிலும் அந்தப் பொருள்களுக்குப் பின்னால் கிடைத்த விலையில் விற்ற வீடுகளுக்குப் பங்கு இல்லை.

மலேயா போன திருச்சி மாவட்டத்துக் குடும்பங்களிடம் வேறொரு நினைவுச் சரக்கு உண்டு. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் அங்கே அச்சடித்த நோட்டுகள். பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருப்பதால் வாழைமர நோட்டு என்றே பெயர். 1945 செப்டம்பரில் ஒரே நாளில் செல்லாக்காசாகின. ஊர் திரும்பியவர்கள் கட்டுக்கட்டாக வைத்திருந்தார்கள், தூக்கி எறிய மனம் வரவில்லை. ஆகவே இன்றும் மலிவு. எண்பது ஆண்டுப் பழமை அதற்கு விலை ஏதும் கூட்டவில்லை.

ஆய்வாளர்கள் என்ன சொல்கிறார்கள்? எல்ராய் டிம்சன், கிறிஸ்டோஃப் ஸ்பான்யர்ஸ் இருவரும் 1900 முதல் 2008 வரை பிரிட்டிஷ் அஞ்சல்தலைகளின் விலையைத் தொகுத்தார்கள். ஆண்டுக்கு 7 விழுக்காடு வருமானம். விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் 2.9. பாதகமில்லை, ஆனால் கோட்டை கட்டவும் முடியாது. அதற்கு முன் 1986ல் வில்லியம் பாமல் சில நூற்றாண்டு ஓவிய விற்பனைகளை அலசி, உண்மை வருமானம் ஆண்டுக்கு அரை விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது என்று முடித்திருந்தார். கோட்ஸ்மன், ரென்னபோக், ஸ்பான்யர்ஸ் மூவரின் 2011 கட்டுரை நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஓவிய விலை நாட்டின் பொதுவான செழிப்பைவிட உச்சியில் இருக்கும் மிகச் சிலரின் வருமானத்தைப் பின்தொடர்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். மந்தம் அந்தச் சிலரைத் தொடாமல் விட்டால் உச்சி விலையும் தொடப்படாது. 2020 அப்படிப்பட்ட ஆண்டு. கடை அடைப்பு இருந்தது, வேலை போனது; கூடவே வட்டி விழுந்தது, பங்குச்சந்தை மீண்டது, வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் பழைய அட்டைப் பெட்டியைத் திறந்தார்கள். மந்தத்தில் விலை ஏறியதற்கு அது உதாரணம் என்றால், 1930கள் வேறு வகை மந்தம், 1970கள் மற்றொரு வகை. விலைவாசி பறந்த 1970களில் பணத்தை எதிலாவது மாற்றி வைக்க வேண்டும் என்ற பதற்றத்தில் அஞ்சல்தலையும் காசும் ஏறின. அமெரிக்கா வட்டியைக் கடுமையாக உயர்த்தியபின் விழுந்தன. இவற்றையெல்லாம் ஒரே தட்டில் வைத்து மந்தம் என்று பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

உச்சிப் பொருள் விழாது என்ற வியாபாரி வாக்கை மெய், மோசஸ் இருவரும் 2002ல் சோதித்தார்கள். ஒரே ஓவியம் மறுபடி மறுபடி விற்ற விலைகளை ஒப்பிட்டதில், தலைசிறந்தவை என்று பெயரெடுத்தவை மற்றவற்றைவிடக் குறைவாகவே வருமானம் தந்திருந்தன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே, வாங்கும்போதே உச்ச விலை கொடுத்துவிடுகிறார்கள். பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் அஞ்சல்தலை உலகில் ஒன்றே ஒன்று. 1980ல் 9,35,000 டாலர், 2014ல் சுமார் 95 லட்சம், 2021ல் 83 லட்சம். ஒன்றே ஒன்று என்பதும் இறங்கும். ஆனால் ஏல முடிவுகளை நம்பிக் கணக்குப் போடும் எல்லா ஆய்விலும் ஒரு ஓட்டை இருக்கிறது: விற்காமல் திரும்பிய பொருள் பட்டியலில் ஏறாது. மந்தத்தில் விலை இறங்கவில்லை என்று சொல்லும் பல வியாபாரிகள் விற்கவில்லை என்பதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறார்கள்.

இந்தியாவில் இந்தப் பாடத்தைப் பெரிய அளவில் படித்தது ஓவியச் சந்தை. 2006ல் ஓசியான்ஸ் நிறுவனம் ஒரு கலை நிதியம் தொடங்கி 100 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. மூன்று ஆண்டில் திருப்பித் தர வேண்டும். 2009ல் ஓவியங்கள் இருந்தன, வாங்க ஆள் இல்லை, முதலீட்டாளர்கள் காத்துக் கிடந்தார்கள். ஸ்பெயினில் அஃபின்சா, ஃபோரம் ஃபிலாட்டெலிக்கோ என்ற இரண்டு நிறுவனங்கள் அஞ்சல்தலையைக் காட்டி லட்சக்கணக்கான சிறு சேமிப்பாளர்களிடம் பணம் வாங்கியிருந்தன. 2006 மே மாதம் போலீஸ் சோதனையில் சரிந்தன. அப்போது மந்தமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

திருச்சிச் சந்தை இவ்வளவு கொந்தளிப்பதில்லை. இங்கே சேகரிப்பவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள்: பெல் நிறுவனம், பொன்மலைப் பணிமனை, துப்பாக்கித் தொழிற்சாலை, வங்கி, கல்லூரி. மந்தத்தில் அவர்களுக்குச் சம்பளம் நிற்பதில்லை. ஆகவே அவசரத்துக்கு விற்பதும் குறைவு. திருப்பூரிலோ சிவகாசியிலோ சொந்தத் தொழில் செய்யும் சேகரிப்பாளர் ஏற்றுமதி படுத்தால் ஆல்பத்தைத் திறப்பார். இங்கே ஆல்பம் திறப்பது மகள் கல்யாணத்துக்கும் ஓய்வு பெற்றபின் வீடு கட்டுவதற்கும், பெரும்பாலும் சேகரித்தவர் காலமானபின் பிள்ளைகள் பெட்டியைப் பிரிக்கும்போதும். திருச்சியில் பழங்காசின் விலையை நாட்டு வருமானத்தைவிட வயது அதிகம் ஆட்டுகிறது என்பது என் எண்ணம். அஞ்சல்தலை விஷயத்தில் இது அப்பட்டம். முதல் நாள் உறைகளையும் சுதந்திரத்துக்குப் பிந்திய தலைகளையும் அள்ளிச் சேர்த்த தலைமுறைக்குப் பின்னால் வாங்கும் தலைமுறை இல்லை, கடிதமே இல்லையே. 1948ல் கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்ட பத்து ரூபாய் காந்தி தலை நூறே நூறு. அதில் நான்கு சேர்ந்த ஒரு வரிசை 2017ல் 5 லட்சம் பவுண்டுக்கு ஆஸ்திரேலியர் ஒருவரிடம் போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வீட்டிலிருக்கும் காந்தி தலைகளை எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு ஏமாற்றமே மிச்சம்.

விலையைத் தூக்கும் இன்னொரு சக்திக்கும் மந்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. கரூரில் அமராவதி ஆற்றுமணலில் அகப்பட்ட சதுரச் செப்புக்காசுகள் நெடுங்காலம் பழைய செம்பாக எடைக்குப் போய்க்கொண்டிருந்தன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் தமிழ் பிராமியில் பெருவழுதி என்று பெயர் பொறித்த பாண்டியக் காசைப் படித்து வெளியிட்டார். 1997ல் சங்ககால நாணயங்கள் பற்றிய அவருடைய ஆங்கில நூல் வந்தது. எழுத்து படிக்கப்பட்டதும் எடைக்குப் போன செம்பு எண்ணிக்கைக்கு விற்கத் தொடங்கியது. இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசோ புகழில் குறையாதது, சோழநாடெங்கும் ஏராளமாகக் கிடைப்பதால் இன்றும் மாணவர் வாங்கும் விலையில் நிற்கிறது.

சட்டம் கட்டிய சுவரையும் சொல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள்; தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. லண்டனில் விலை ஏறினாலும் இங்குள்ளவர் அங்கே விற்க முடியாது. எனவே இந்தியப் பழங்காசின் விலை இந்தியப் பணக்காரரின் மனநிலையோடு மட்டும் ஏறி இறங்குகிறது. சுவரைத் துளைத்தவர்களும் உண்டு. அரியலூர் அருகே ஸ்ரீபுரந்தானில் திருடிய நடராசர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியது 2008ல், உலகப் பொருளாதாரம் ஆட்டம் கண்ட ஆண்டில், சுமார் 50 லட்சம் டாலருக்கு. விற்ற சுபாஷ் கபூர் பிற்பாடு பல ஆண்டுகளைத் திருச்சி மத்தியச் சிறையில் கழித்தார். சிலை 2014ல் திரும்பி வந்தது.

புதையலுக்கு இன்னும் பழைய சட்டம், 1878ஆம் ஆண்டுடையது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளது மண்ணிலிருந்து வந்தால் ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும். 2020 பிப்ரவரி 26 அன்று திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோவில் வளாகத்தில் தோண்டியபோது பித்தளைப் பாத்திரம் ஒன்றில் 505 பொற்காசுகள் கிடைத்தன. மொத்த எடை 1.716 கிலோ. அடுத்த மாதமே நாடு முடங்கியது. ஆகஸ்டில் தங்கம் முதன்முறையாக அவுன்ஸ் 2,000 டாலரைத் தாண்டியது. பயமான காலத்தில் யாரோ புதைத்து, எடுக்க முடியாமல் போனதால்தான் அத்தனை காசும் உருகாமல் ஒன்றாக வந்து சேர்ந்தன. பெட்டியில் இருந்திருந்தால் எந்தப் பஞ்சத்திலோ கரைந்திருக்கும்.

ரொக்கத்தையே நம்பியிருக்கும் இந்தத் தொழிலுக்கு 2016 நவம்பர் 8 தனி அடி. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றானதும் சந்தைகளில் வாங்கல் விற்றல் நின்றுபோனது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், அந்த நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருந்தால் அபராதம் என்றது. ஆய்வுக்கோ நாணயச் சேகரிப்புக்கோ என்றால் 25 வரை வைத்துக்கொள்ளலாம் என்று விலக்கும் தந்தது. அரசே சேகரிப்பாளருக்கு உச்சவரம்பு விதித்த வேடிக்கை அது. 786 என்று முடியும் எண்ணுள்ள நோட்டைச் சேர்த்தவர்கள் எதை வைப்பது, எதை வங்கியில் கட்டுவது என்று விழித்தார்கள்.

கொரோனா காலத்தில் ஏறியது வேறொன்று: மோசடி. வேலை இழந்த வீடுகளில் பழைய காசைத் தேட, இந்த ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சம் என்று கைப்பேசியில் விளம்பரம் வந்தது. காசை வாங்குவதற்கு முன் வரி, கமிஷன் என்று விற்பவரிடமே பணம் பறித்தார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் கூடப் பயன்படுத்தினார்கள். எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் தரவில்லை என்று 2021 ஆகஸ்ட் 4 அன்று அந்த வங்கி எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. சேகரிப்பு விலை பற்றி மந்த காலத்தில் பரவும் செய்திகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது. அதை விலை என்று எடுத்துக்கொண்டு ஆராய முடியாது.

வெள்ளி இப்போதைய உயரத்தில் இருப்பதால், உருக்குக் கூலி கட்டாது என்று இதுவரை ஒதுக்கிய 1940களின் அரை வெள்ளி ரூபாய்க்கும் முறை வந்துவிட்டது. அதில் இருப்பது 5.83 கிராம் வெள்ளி. பழைய காசைக் கொடுக்கப் போகிறவர் ஆண்டையும் அக்கசாலைக் குறியையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. மறுபக்கம், தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக அரசு வெளியிட்ட 1,000 ரூபாய் வெள்ளிக்கலப்பு நாணயத்தை வாங்கியவர்கள் பெட்டியோடு வைத்திருக்கிறார்கள். அதே கோவில் பொறித்த ஐந்து ரூபாய் ஸ்ரீரங்கத்துப் பூக்கடையில் சில்லறையாகப் புழங்குகிறது. இரண்டையும் யாரும் உருக்கப்போவதில்லை, எண்ணிக்கை குறைவதற்கும் வழியில்லை. அந்த ஐந்து ரூபாய்க்கு இணையத்தில் லட்சம் கேட்பவர்களும் குறைந்தபாடில்லை.